தொக்கணமும் மனத்துயரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவு கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளியோடு வந்து கலக்கிற இடத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் அண்டையூராக அமைந்திருக்கும் தேவாரத்தின் ஜீவனம், பாதி ஊரைச் சுற்றியுள்ள தோட்டந்துரவுகளை நம்பியும் பாதி தலைக்கு மேலே தெரிகிற மலையை நம்பியும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பொழுது புலர்வதற்கு முன்பே தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் அதே ஜீப்புகளில் இறங்கி வருகிற பெண்களை இவ்வட்டாரத்து ஊர்களிலெல்லாம் காணலாம். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி வளர்வதாயினும், காய் அதன் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும் சரங்களிலேதான் காய்க்கிறது. ஆகவே, காயெடுக்கப் போகிறவள் பகல் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருந்து, பழுத்ததையும் பிஞ்சையும் கண்ணால் பிரித்து, பக்குவப்பட்டதை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாக வேண்டும். மேலே மழை, கீழே அட்டை. மலையேறச் சக்தியற்றுப் போனவர்கள் போடியின் கிட்டங்கிகளில் உட்கார்ந்து, ஏலத்துக்குப் போகவிருக்கிற காயைப் பருமனுக்கும் நிறத்துக்கும் தக்கபடி தரம் பிரிக்கிறார்கள். அங்கேயும் கழுத்து குனிந்தபடியேதான் இருக்கிறது.

இத்தகைய உழைப்பு உடம்பை நோகச் செய்யும் என்று சொல்வதற்கு விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால், இப்பெண்கள் வைத்தியரிடம் சென்று முறையிடுகிற நோவு முழுவதும் உழைப்பினால் மட்டுமே உண்டானதுதானா என்று கேட்கப் புகுந்தால், விஷயம் அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் தவணைக் கடன், குடித்துவிட்டு வருகிற கணவன், கரைசேராத மகள், மலைப்பாதையில் மாண்டுபோன மகன் என்று மனத்தில் இருப்பது எதுவாயினும், மருத்துவமனையின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாயில் வருவது, ‘மேலெல்லாம் நோவுது’, ‘கை காலு குடையுது’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘தூக்கம் பிடிக்க மாட்டேங்குது’ என்பவையே. கேட்கிறவரும் அவ்வளவில் திருப்தியடைந்து ஓர் ஊசியைப் போட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். துக்கத்தைத் துக்கமென்று சொல்லுவதற்கு வெட்கமும் நேரமின்மையும் தடையாயிருக்கிற சமூகங்களில் சரீரமே மனத்துக்குப் பிரதிநிதியாக நின்று பேசுகிறது என்பதை மனநல ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர்.

கோவாவில் விக்ரம் பட்டேல் என்னும் மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் பெண்களின் நெடுங்காலச் சோர்வைப் பற்றி நடத்தி 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்தில் மிகவும் கருதத்தக்கது. இரத்தசோகையே சோர்வுக்கு மூலகாரணம் என்று நம்பித்தான் நம் நாட்டில் சத்து மாத்திரைகள் வாரி வழங்கப்படுகின்றன. ஆனால் அவர்கள் பரிசோதித்தபோது, ஓயாத அசதியென்று சொன்ன பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹீமோகுளோபின் அளவில் வேற்றுமை காணப்படவில்லை. வறுமை, இல்லற வன்முறை, மனச்சஞ்சலம் ஆகியவற்றோடுதான் அவ்வசதிக்கு நெருங்கிய சம்பந்தம் காணப்பட்டது. இலங்கையில் நெடிய யுத்தத்தின் நடுவே யாழ்ப்பாணத்தில் இருந்து பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், போரால் நொந்த தமிழர்கள் தம் வேதனையை உடல் உபாதைகளாகவே கொண்டுவந்து முறையிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். மேல்நாட்டுப் பாணியில் எதிரே உட்காரவைத்து மனத்தைத் திறந்து பேசச் சொல்லுவது எல்லோருக்கும் ஒத்துவராது என்று கண்டு, சாந்தி ஆசனம், ஜபம், மூச்சுப் பயிற்சி முதலான, அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான முறைகளையே அவர் சிகிச்சையில் கையாண்டார். உடம்பின் வழியாக வந்த முறையீட்டை உடம்பின் வழியாகவே எதிர்கொள்ளும் மார்க்கம் அது.

அந்த மார்க்கத்தில் தேவாரத்து வீடுகள் தாமாகவே வெகுநாளாக நடந்து வந்திருக்கின்றன. வேலை முடிந்து வந்து குப்புறப் படுத்துக்கொள்ளும் பாட்டியின் முதுகில் பேரப்பிள்ளையை ஏற்றி மிதிக்கச் சொல்வதும், காலை நீட்டிப் போட்டு மகளை அமுக்கிவிடச் சொல்வதும், குழந்தை ஓயாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறதென்று கைராசிக்காரக் கிழவியிடம் கொண்டுபோய் எண்ணெய் தடவி நீவுவதும் எவரும் எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொண்டவையல்ல. சித்த வைத்திய சாஸ்திரம் இதையே தொக்கணம் என்று வழங்கி, தனது முப்பத்திரண்டு வகைப் புற மருத்துவங்களுள் ஒன்றாக வைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது தொழில்களாகப் பிரித்துக் கூறுகிறது. 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் திறக்கப்பெற்ற தாம்பரம் தேசிய சித்த நிறுவனமும் இக்கலையை முறையான பாடமாக்கியிருக்கின்றன. மலைக்கு அப்புறம் கேரளத்திலோ, கோட்டக்கல்லில் மனநோயாளிகளுக்கென்றே ஓர் அரசாங்க ஆயுர்வேத மருத்துவமனை இயங்கி வருகிறது. உடலில் தைலம் தேய்ப்பதையும் நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஒழுகவிடுவதையும் மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் உரிய சிகிச்சைகளாக ஆயுர்வேதம் நெடுநாளாகக் கொண்டிருக்கிறது. பழமையானது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆனால் இவ்வளவு காலம் இவ்வளவு பேர் விடாது செய்து வந்ததற்குச் சரீரத்தில் ஏதேனும் ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது நியாயமான ஆராய்ச்சியே.

ஆதாரத்தைத் தோலில் தேட வேண்டும். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய தோலின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். அதன்மேல் ஒரு பொருள் பட்டால், பட்டது இன்ன இடத்தில், இன்ன வடிவில், இவ்வளவு அழுத்தத்தோடு என்ற செய்தியைக் கொழுப்புறை போர்த்த தடித்த நரம்பிழைகள் விநாடிக்குச் சுமார் ஐம்பது மீட்டர் வேகத்தில் மூளைக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஸ்பரிசம் என்றால் இவ்வளவுதான் என்றே உடலியல் நூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 1939-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி இங்வே சோட்டர்மான், உறையற்ற மெல்லிய நரம்பிழைகள் சிலவும் மென்மையான தடவலுக்கு விடையளிப்பதைப் பூனைகளிடத்தில் கண்டார். ஆயினும் அப்படிப்பட்டவை மனிதனிடத்தில் இல்லாமல் போயிருக்கும் என்றே பலர் எண்ணினர். 1960-களில் ஹாக்பார்த், வால்போ என்னும் இருவர் உப்சாலா நகரில், விழித்திருக்கும் மனிதருடைய கை நரம்புக்குள்ளேயே மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்தி, ஒரே ஒரு நரம்பிழை பேசுவதைக்கூட ஒட்டுக்கேட்கும் உபாயத்தை உண்டாக்கிய பிறகுதான், மனிதத் தோலிலும் அந்த மெல்லிழைகள் உண்டென்று மெதுமெதுவாக நிச்சயப்பட்டது.

இவ்விழைகளின் சுபாவம் விசித்திரமானது. இவற்றில் செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே நகர்கிறது. கணுக்காலில் தடவினால் அச்செய்தி தலைக்கு ஏறுவதற்கு ஒரு விநாடிக்கு மேலேயே ஆகிவிடும். ஆபத்தை அறிவிக்க இது உதவாது. உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற ரோமமில்லாத இடங்களில் இவை மிக அரிது. முதுகு, கை, தொடை முதலிய இடங்களில் நிறைய உண்டு. 2009-இல் லைன் லோக்கன் என்பவரும் அவருடைய சகாக்களும் தூரிகை ஒன்றைப் பல வேகங்களில் மனிதரின் முன்கைமேல் ஓடவிட்டு அளந்தபோது, விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையுள்ள வேகத்தில்தான் இவ்விழைகள் மிகுதியாகத் துடித்தன. அதைவிட வேகமாகத் தடவினாலும், அதைவிட மெதுவாகத் தடவினாலும் துடிப்புக் குறைந்தது. எந்த வேகத்தில் இவை மிகுதியாகத் துடித்தனவோ அந்த வேகத்தையே மனிதர்களும் இதமானது என்று கூறினர். பின்னர் நடந்த சோதனையில், 32 டிகிரி வெப்பம், அதாவது மனிதத் தோலின் இயல்பான வெப்பம் உள்ள பொருள் தடவும்போதே இவை சிறப்பாக விடையளிப்பதும் தெரிந்தது. தாய் தன் குழந்தையின் முதுகைத் தடவுகிற வேகமும் அவளுடைய கையின் சூடும் எவையோ, அவற்றுக்கென்றே இயற்கை தனியாக ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது போலும்!

அப்பாதை சென்று முடிகிற இடம் எது என்பதைக் காட்டுவதற்கு ஒரு துர்ப்பாக்கியசாலியின் நோய் உதவிற்று. நோயொன்றினால் தடித்த நரம்பிழைகள் முழுவதையும் இழந்து, மூக்குக்குக் கீழே எது தொட்டாலும் தெரியாதவராக வாழ்ந்த கனடா தேசத்துப் பெண்மணி ஒருவரின் முன்கையில், ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் மென்தூரிகையால் தடவியபோது, எந்தத் திசையில் தடவினார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஏதோ மங்கலான, இதமான உணர்வு உண்டாகிறது என்று மட்டும் சொன்னார். ஓலவ்சன் முதலியோர் 2002-இல் வெளியிட்ட இச்சோதனையில், தொடுதலின் இடத்தையும் வடிவையும் கணிக்கிற மூளைப்பகுதி அமைதியாக இருக்க, இன்சுலா என்று சொல்லப்படும் பகுதி மட்டும் விழித்துக்கொண்டது. பசி, தாகம், நெஞ்சுத் துடிப்பு, நோவு, பயம் என்று உடம்பின் அந்தரங்க நிலைகளையெல்லாம் கேட்டு அறிகிற பகுதி அது. பீதியினாலும் சோகத்தினாலும் அலைக்கழிக்கப்படுகிறவர்களிடத்தில் இந்தப் பகுதியின் தொழில் மாறுபட்டிருப்பது வேறு ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட வாசகர், பிடித்துவிடுதலின் ரகசியம் முழுவதும் விளங்கிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. மேலே கண்ட இழைகள் மெல்லிய தடவலுக்கு உரியவை. முதுகை மிதிப்பதும் தோளைப் பிசைவதும் தசைக்குள் இறங்கும் அழுத்தங்கள். வயதுவந்தவர்களிடத்திலும் சிசுக்களிடத்திலும் அமெரிக்காவின் மயாமி நகரில் டிஃப்பனி ஃபீல்டு அம்மையார் நடத்திய ஆராய்ச்சிகளில், மேம்போக்கான தடவலைவிட நிதானமான அழுத்தமே மிகுந்த பலன் தந்தது. இதயத் துடிப்பு தணிந்ததும், குடலையும் இதயத்தையும் சாந்தப்படுத்துகிற வேகஸ் நரம்பின் செயல் ஓங்கியதும் அழுத்தத்தின்போதே காணப்பட்டன. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன என்று கொள்வதே இப்போதைக்குத் தகும்.

ஃபீல்டு அம்மையாரின் பெயர் வந்துவிட்டபடியால், அவரைப் புகழ்பெறச் செய்த பரிசோதனையையும் சொல்லிவிடுவது முறை. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கூடுமானவரை தொடாமல் இருப்பதே பத்திரம் என்று மருத்துவமனைகள் நம்பிய காலம் அது. அவர் அத்தகைய சிசுக்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிஷம் வீதம், பத்து நாள் உடம்பைத் தடவி, கைகால்களை மடக்கி நீட்டிவிடச் செய்தார். அதே ஆகாரத்தை உண்ட மற்றச் சிசுக்களைவிட இவை 47 சதவிகிதம் அதிகமாக எடை ஏறின. ஆறு நாள் முன்னதாக வீடு திரும்பின. 1986-ஆம் ஆண்டில் இது வெளியானது. இதே காலத்தில் சால் ஷான்பெர்க் என்பவர், தாயைப் பிரித்துவிட்ட எலிக்குஞ்சுகளின் வளர்ச்சி நின்றுபோவதையும், தாய் எலி நாவால் நக்குவது போல ஈரத் தூரிகையால் தடவிக் கொடுத்தால் வளர்ச்சி மீளுவதையும் கண்டிருந்தார். அதற்கும் முன்பே, 1958-இல், ஹாரி ஹார்லோ என்பவர் பாலூட்டும் கம்பித் தாயை விட்டுவிட்டுப் பால் தராத துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்த குரங்குக்குட்டிகளைக் காட்டி உலகத்தை உலுக்கியிருந்தார். அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால், இந்த உண்மையை அறிவதற்கு இத்தனை கொடுமை வேண்டுமா, நம் ஊர்க் கிழவி எவளையாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றாமற் போகாது.

இனி நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தின் நடுமையத்துக்கு வருவோம். மனக்கலக்கமும் மனச்சோர்வும் கொண்ட பெரியவர்களுக்குப் பிடித்துவிடுதல் பயன்படுகிறதா? கிறிஸ்டோபர் மோயர் என்னும் உளவியலாளர் 2004-ஆம் ஆண்டில் 37 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டார். ஒரு தடவை பிடித்துவிட்டால் அந்நேரத்துப் பதற்றமும் இரத்த அழுத்தமும் சற்றுத் தணிகின்றன. பல தடவை தொடர்ந்து செய்தால், சுபாவமாகவே ஊறிப்போன பதற்றமும் சோகமும் குறைகின்றன. அவ்வாறு குறைகிற அளவு, உளவியலாளரிடம் பேசிப் பெறுகிற சிகிச்சையின் பலனுக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. தசையைத் தொடுகிற சிகிச்சையின் மிகப்பெரிய பலன் தசையில் தெரியாமல் மனத்தில் தெரிந்தது என்பது எல்லோரையும் வியப்பில் ஆழ்த்திற்று.

இதற்குக் காரணம் கூறுவதில்தான் சண்டை மூண்டது. உடம்பைப் பிடித்துவிட்டால் கார்ட்டிசால் என்னும் துயர ஹார்மோன் இரத்தத்தில் சரசரவென்று இறங்கிவிடுகிறது என்ற செய்தி பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் வேரூன்றி, இன்றும் எண்ணெய் விற்கிறவர்களின் வாயில் வந்துகொண்டே இருக்கிறது. அதே மோயரும் அவருடைய சகாக்களும் 2011-இல் அந்த ஆதாரங்களைத் துருவிப் பார்த்தபோது, கார்ட்டிசால் இறங்கும் அளவு மிகச் சொற்பம், பெரும்பாலும் இல்லையென்றே சொல்லலாம் என்று கண்டார்கள். பகல் ஏற ஏறக் கார்ட்டிசால் தானாகவே இறங்குகிற வஸ்து. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தை வைத்துக்கொள்ளாமல், முன்னும் பின்னும் மட்டும் அளந்தால், இறங்கியதன் புகழெல்லாம் பிடித்துவிட்ட கைக்கே போய்ச் சேர்ந்துவிடும். பலன் உண்மையாகவும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொய்யாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இன்னொரு பரிசோதனை நம்மை இன்னும் ஆழமாக யோசிக்க வைக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேரன் ஷெர்மன் முதலியோர், ஓயாத மனப்பதற்றம் உள்ள 68 பேரை மூன்று கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாருக்கு முறைப்படி உடம்பைப் பிடித்துவிட்டார்கள். ஒரு கூட்டத்தாருக்கு உடம்பில் வெதுவெதுப்பான ஒற்றடங்களைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தாரை மெல்லிய சங்கீதம் ஒலிக்கும் அறையில் சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். 2010-இல் வெளியான முடிவு என்னவென்றால், மூன்று கூட்டத்தாருக்கும் பதற்றம் குறைந்தது. குறைந்த அளவில் வித்தியாசம் இல்லை! இதைக் கண்டு, பிடித்துவிடுதல் வெறும் பிரமை என்று தள்ளிவிட்டவர்களும் உண்டு. ஆனால் 2016-இல் எமரி பல்கலைக்கழகத்தில் மார்க் ராபபோர்ட் முதலியோர், வாரம் இரண்டு தடவையாக ஆறு வாரம், தடவைக்கு 45 நிமிஷம் ஒரு கூட்டத்தாருக்கு அழுத்திப் பிடித்துவிட்டு, மற்றொரு கூட்டத்தாருக்குக் கையை இலேசாக வைத்து வைத்து மட்டும் எடுத்தபோது, அழுத்திப் பிடித்துவிடப்பட்டவர்களுக்கே பதற்றம் மிகுதியாகத் தணிந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் நமக்குத் தோன்றுவது இதுதான்: அழுத்தத்துக்கு என்று ஒரு பலன் உண்டு, ஆயினும் அதோடு சேர்ந்து, ஒருவர் தமக்கென்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கப்பட்டு, எவரும் எதையும் கேட்காமல், கண்ணை மூடிப் படுத்திருப்பதும் பெரிய மருந்தாக வேலை செய்கிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ஜீப் ஏறி, காயெடுத்து, இறங்கி வந்து மீண்டும் அடுப்பு மூட்டுகிற ஒருத்திக்கு, அவ்வாறு சும்மா படுத்திருக்கும் முக்கால் மணி நேரம் வருஷத்தில் எத்தனை தடவை வாய்க்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

தொடுகிற கை யாருடையது என்பதும் அற்ப விஷயமன்று. ஜேம்ஸ் கோவான் என்பவர், மணமான பெண்கள் பதினாறு பேரை மூளைப்படம் எடுக்கும் எந்திரத்துக்குள் படுக்கவைத்து, மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று பயமுறுத்தி, கணவன் கையைப் பிடித்திருக்கும்போதும், முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்திருக்கும்போதும், எவர் கையும் இல்லாதபோதும் அவர்களுடைய மூளை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். 2006-இல் வெளியான அச்சோதனையில், அந்நியர் கைக்கும் சிறிது பலன் இருந்தது. கணவன் கைக்கு அதனினும் மிகுதி. அதிலும், எந்தப் பெண்ணின் இல்லறம் திருப்தியாக இருந்ததோ அவளுடைய மூளையிலேதான் பயத்தின் அறிகுறி நன்றாக அடங்கிற்று. தன் கையாலேயே தன் உடம்பைத் தடவிக்கொண்டால் மூளை அதை முன்கூட்டியே கணக்கிட்டு மங்கச் செய்துவிடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். நம்மை நாமே கூச்சங்காட்டிச் சிரிக்க முடியாதது அதனால்தான். ஆகையினால், பிறர் கை வேண்டும். அதுவும் நம்பத்தக்க கை வேண்டும்.

ஆண்களுக்கு இந்தக் கை ஒருவாறு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்ததும் தலையைத் தட்டி, தோளைப் பிசைந்துவிடுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. கழுத்தைத் திடீரென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதை மட்டும் யாரும் அனுமதிக்கலாகாது. கழுத்தெலும்பினூடே மூளைக்கு ஏறுகிற தமனி அதனால் கிழிந்து பக்கவாதம் உண்டாகக்கூடும். பெண்களுக்கோ, ஆயுளில் முறைப்படி உடம்பு நீவப்படுகிற காலம் பிறந்த குழந்தையாக இருக்கும் சில மாதங்களும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் சில நாட்களுமே. காலை நீட்டிப் போட்டுக் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீவிக் குளிப்பாட்டுகிற பாட்டிமார் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். கல்கத்தாவின் சேரி ஒன்றில் ஒரு தாய் இப்படிக் குழந்தையை நீவுவதைக் கண்டு மெய்ம்மறந்த பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் லெபோயர், 1976-இல் அதைப் படங்களோடு நூலாக வெளியிட, மேல்நாட்டுத் தாய்மார் அதைக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டனர். 2001-இல் லண்டனில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுற்ற 34 தாய்மாரில் ஒரு பகுதியாருக்கு, ஐந்து வாரம் குழந்தையை நீவும் முறையைக் கற்பித்தபோது, அவர்களுடைய சோர்வு குறைந்ததோடு, குழந்தையின் முகம் பார்த்துக் கொஞ்சுவதும் கூடியது என்று விவெட் குளோவர் முதலியோர் கண்டனர். தொடப்படுகிறவருக்கு மட்டுமேயன்றித் தொடுகிறவருக்கும் மருந்தாகிறது என்பது இதில் விசேஷம்.

நன்மையைச் சொன்ன வாயால் அபாயத்தையும் சொல்ல வேண்டும். மனம் நொந்தவர்களுள் ஒரு சாரார், பிறர் கையினாலேயே நொந்தவர்கள். சிறுவயதில் பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கும், வீட்டில் அடிபட்டவர்களுக்கும், முதுகில் எதிர்பாராமல் ஒரு கை பட்டாலே பழைய பீதி முழுவதும் ஒரு கணத்தில் திரும்பிவிடும். சிலர் விறைத்துப்போய், தாம் எங்கிருக்கிறோம் என்பதையும் மறந்து, வேண்டாமென்று சொல்ல நாவெழாமல் கிடப்பர். பிடித்துவிடுகிறவரோ, அமைதியாகிவிட்டார் என்று தப்பாக எண்ணிக்கொள்வார். ஆகவே, இத்தொழிலில் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டே கை வைப்பர்; உட்கார்ந்த நிலையில், உடுத்திய துணியின் மேலேயே, கை அல்லது பாதத்திலிருந்து தொடங்குவர்; வேண்டாமென்றால் அக்கணமே நிறுத்துவர். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் செய்வதே நம் நாட்டுக்குப் பொருந்தும். மனநோய்க்கான மருந்துகளுள் சில, படுத்தவர் எழுந்ததும் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கிவிடக்கூடியவை. அவற்றை உட்கொள்கிறவர்கள் பிடித்துவிட்ட பிறகு சிறிது நேரம் உட்கார்ந்திருந்து எழ வேண்டும். இல்லாத குரல் காதில் கேட்பதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதும் கண்டால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்து உட்கொள்கிறவர் தொக்கணத்தை நம்பி மருந்தை நிறுத்துவது பெருங்கேடு.

மனம் பேதலித்தவர்களின் உடம்பின்மேல் நம் சமூகம் வைத்த கைகள் எல்லாம் இதமானவையாக இருந்ததில்லை என்பதையும் மறக்கலாகாது. பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடித்தார்கள். கோயில்களிலும் தர்காக்களிலும் தூணோடு பிணைத்தார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கொட்டகை ஒன்றில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த நோயாளிகள், தீப்பற்றியபோது ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடுக்கிறது. அச்சட்டம் வந்துவிட்டதனால் பழக்கம் போய்விட்டது என்று நாம் எண்ணவில்லை.

தேவாரத்துக்கும் போடிக்கும் நம் யோசனை பெரிய செலவுடையதன்று. அரசாங்க மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவை ஒரு மூலையிலும் மனநல மருத்துவரை வேறொரு மூலையிலும் உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் முகம் பாராமல் இருக்கச் செய்வதில் என்ன பிரயோஜனம்? மேல்நோவென்று ஓயாமல் வருகிற பெண்ணிடம், ஊசிக்குப் பதிலாக, தூக்கம் எப்படி, வீட்டில் விசாரம் என்ன என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். அங்கேயே பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி வாரம் ஒருநாள் அரைமணி நேரம் அவள் தோளையும் முதுகையும் நீவிவிடட்டும். நீவும்போது வாய் திறந்து அவள் சொல்லுகிற துயரம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேரட்டும். ‘மசாஜ்’ என்ற சொல்லுக்கு நகரங்களில் ஏற்பட்டுவிட்ட கெட்ட பெயர் இதற்குத் தடையாகலாம். மருத்துவமனைக்குள்ளே, பெண்கள் கையால், தொக்கணம் என்ற பழைய பெயரிலேயே நடந்தால் அத்தடையும் நீங்கும்.

அது நடக்கும்வரை வீட்டிலுள்ளவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஜீப்பிலிருந்து இறங்கி வருகிற தாயோ அக்காளோ பல வாரமாக மேலுக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் சம்மதத்தோடு ஒரு கால்மணி நேரம் முதுகை அமுக்கிவிடுங்கள், அவசரப்படாமல் நீவுங்கள், பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டது அச்சம் தருவதாக இருந்தால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பொழுது போய்விட்டது, வண்டி இல்லை என்றால், 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுங்கள், 2022-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் நடத்தி வருகிற அந்த மனநல உதவி இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.